சரிவான இடத்தில் பள்ளிக்கூடம்: மண்ணை வெட்டுவதா, கட்டடத்தைப் படியாக இறக்குவதா?

பள்ளிக்கோ கல்லூரிக்கோ சரிவான நிலம் அமைந்தால் பெரும்பாலும் பொக்லைன்தான் முதலில் வந்து இறங்குகிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிட்டால் வரைபடம் சுலபம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை வகுப்பிலிருந்து நூலகத்துக்கு யார் உதவியும் இல்லாமல் போகலாம். இந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மட்டமாக்காமல் விட்டு, 1:12 சாய்வில் (12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம்) 3 மீட்டர் ஏற வேண்டுமென்றால், 36 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். நடுவே நின்று இளைப்பாறும் இடங்கள் தனி.

ஆனால் கொட்டிய மண் வருடக்கணக்கில் மெல்ல அமுங்கும். பாதிக் கட்டடம் வெட்டிய கெட்டி மண்ணிலும் மீதி கொட்டிய மண்ணிலும் நின்றால், இரண்டும் சேரும் இடத்தில்தான் விரிசல் விழும். தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளை விடாவிட்டால், மழைக்காலத்தில் பின்னால் தேங்கும் தண்ணீரே சுவரைத் தள்ளும். மரத்தின் கதை இன்னும் வேதனை. வெட்டாமல் காப்பாற்றினோம் என்று நினைப்போம். அடிமரத்தைச் சுற்றி ஓர் ஆள் உயரத்துக்கு மண் ஏறியிருக்கும். வேருக்குக் காற்று போகாது. சில வருடங்கள் கழித்து உச்சிக் கிளையிலிருந்து காய ஆரம்பிக்கும்.

கட்டடத்தைச் சரிவோடு படிப்படியாக இறக்கினால் மண் பெரும்பாலும் இருந்தபடி இருக்கும். 1965-இல் திறந்த கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்துக்கு மலை உச்சியில் இடம் கிடைத்தது. கட்டடக் கலைஞர்கள் ஆர்தர் எரிக்சனும் ஜெஃப்ரி மாஸியும் அங்கே கோபுரம் எழுப்பவில்லை; மலையோடு படிப்படியாகப் படர விட்டார்கள். அதே நாட்டில் ஜான் ஆண்ட்ரூஸ் வடிவமைத்த ஸ்கார்பரோ கல்லூரி, பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டியே நீண்டு போகிறது. குளிர்காலத்தில் வெளியே வராமலே நடக்க உள்ளேயே ஒரு தெரு உண்டு.

சரி, படியாக இறக்கினால் சக்கர நாற்காலி? இங்கேதான் சரிவே கைகொடுக்கிறது. கீழ்த்தளத்துக்குக் கீழ்ப்பக்க வாசல், மேல்தளத்துக்கு மேட்டுப்பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பாலம். இரண்டு தளத்திலும் தரையிலிருந்து நேராக நுழையலாம். இரண்டு வாசலையும் இணைக்கும் பாதையைச் சரிவுக்குக் குறுக்கே, நீளமாக, மெதுவாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் லிஃப்ட் கட்டாயம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேற்கு நோக்கிய சரிவில், சமஉயரக் கோட்டை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) ஒட்டிக் கட்டினால் கட்டடம் வடக்கு தெற்காக நீளும். மாலை வெயில் நேராக வகுப்புக்குள் பாயும். அங்கே மேற்குப் பக்கத்தில் ஆழமான வராண்டாவும் மாடிப்படிகளும் வைத்து, வகுப்பைக் கிழக்கே தள்ளுவேன். தூண்கள் மேல் நிறுத்துவது மூன்றாவது வழி. வெள்ளம் வரும் தாழ்ந்த இடத்துக்குப் பொருந்தும், சரிவுக்கு அவ்வளவாக இல்லை.

விளையாட்டு மைதானம் மட்டும் சமதளமாகத்தான் வேண்டும். 100 மீட்டருக்கு 65 மீட்டர் கால்பந்துத் திடல் என்று வையுங்கள். 1:20 சரிவில் நீளவாக்கைச் சரிவோடு போட்டால் உயர வித்தியாசம் 5 மீட்டர். குறுக்கே திருப்பிப் போட்டால் மூன்றேகால் மீட்டர்தான். வெட்டும் மண் அந்த அளவுக்குக் குறையும்.

அதனால் நான் தேர்வது: கட்டடம் படியாக, மைதானம் மட்டும் மட்டமாக. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையும் மைதானத்திலேயே நிரப்பலாம். அங்கே மண் சற்று அமுங்கினாலும் சுவர் எதுவும் பிளக்காது. மறுபடி மண் போட்டு உருளையால் அழுத்தினால் போதும்.