எலியா, ஆளா? பெங்களூரில் போஸ்ட்டாக் தேடுகிறவர்களுக்கு

மூளை ஆய்வில் பிஎச்டி முடித்து போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை) தேடியபோது, பெங்களூரில் எனக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் போல மருத்துவமனையோடு சேர்ந்த இடத்தில் நோயாளிகளிடம் ஈஈஜி (தலையில் மின்முனை வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவது) எடுக்கும் வேலை. இன்னொன்று, ஐ.ஐ.எஸ்.சி., பெல்லாரி சாலை என்.சி.பி.எஸ். போன்ற ஆய்வு நிறுவனங்களில் எலி மூளை. நான் முதல் வழியில் போனேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

சம்பளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மத்திய அரசுத் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட்டுக்கு (பிஎச்டி முடித்தவர்களுக்கான ஆய்வுப் பதவி) 2023 ஜனவரியிலிருந்து மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை, வாடகைப்படி தனி. கருவிகளில் எலிப்பக்கம்தான் ஒசத்தி.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொரு கணக்கு: முதல் டேட்டா கைக்கு வர எத்தனை மாதம்? தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் இரண்டே வருடம். திட்ட வேலை என்றால் வருடா வருடம் நீட்டிப்பு. எலியில் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி, அறுவை, நரம்பணுக்களுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் வைரஸ் ஊசி, அது வேலை செய்ய மூன்று வாரம், பிறகு எலிக்குப் பயிற்சி. மூளையைப் பார்க்க மண்டையில் பொருத்திய கண்ணாடி மங்கினால் மறுபடி முதலிலிருந்து. பிஎச்டி காலத்தில் ஒரு வார இறுதியில் ஏசி நின்று என் ஆறு மாத உழைப்பு போனது. திங்கட்கிழமை கூண்டறையைத் திறந்த அந்த நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

மனிதர்களிடமும் காத்திருப்பு உண்டு. நெறிமுறை அனுமதி, நோயாளியின் மொழியிலேயே ஒப்புதல் படிவம் என்று மாதங்கள் ஓடும். மருந்து தொடங்காத நோயாளி கிடைப்பது குதிரைக்கொம்பு. சில தூக்க மருந்துகள் ஈஈஜியையே மாற்றிவிடும். ஆனால் தொடங்கிவிட்டால் ஒரு பதிவு கெட்டாலும் அன்றைய பொழுதுதான் போகும், ஆறு மாதம் போகாது. இதில் தமிழ் பெரிய கைகொடுப்பு. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து வருகிற பாட்டிகள் கன்னடத்தில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்கள். "பாட்டி, நாளைக்குத் தலைக்குக் குளிச்சிட்டு வாங்க, எண்ணெய் மட்டும் வேண்டாம்" என்று முந்தைய நாளே போனில் சொல்லிவிடுவேன். எண்ணெய்த் தலையில் மின்முனை சரியாகப் பிடிக்காது. "எண்ணெய் இல்லாமல் எப்படிப்பா வெளியே வர்றது?" என்பார்கள். பாதிப்பேர் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஷாம்பு என் மேசையிலேயே இருக்கும்.

முதியோர் மறதி ஆய்வில் ஆர்வமுள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஐ.ஐ.எஸ்.சி. வளாகத்து மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரா கிராமங்களில் 45 வயது தாண்டியவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பரிசோதிக்கிறது. ஏற்கெனவே டேட்டா சேரும் இடத்தில் போய் உட்காரலாம். நான் அங்கே வேலை பார்த்ததில்லை, அதனால் இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

தலைக்கு மேலிருந்து எடுக்கும் ஈஈஜி லட்சக்கணக்கான நரம்பணுக்களின் கூட்டுக் குரல்தான். எந்த அணு என்ன செய்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், நான்கைந்து வருடத்துக்குப் பணமும் உறுதியாக இருந்தால், எலிப்பக்கமே போங்கள். போகும்முன் அந்த ஆய்வகத்தில் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.