வாய்க்கால் வழக்குக்கு உள்ளூர் வக்கீல், ஒப்பந்த வழக்குக்கு வெளியூர் வக்கீல்

டெல்டா நகராட்சிகளுக்கு அடிக்கடி வருவது வாய்க்கால், குளம், தெரு ஆக்கிரமிப்பு வழக்குகள். இதற்கு உள்ளூர் வக்கீலை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் ஊரில் ஒருவர் வாய்க்கால் கரையைத் தன் இடம் என்று வழக்குப் போட்டார். நகராட்சி வக்கீல் அவருடைய கிரயப் பத்திரத்தையே எடுத்து நான்கெல்லையைப் படித்தார். 'வாய்க்காலுக்குத் தெற்கு' என்று இருந்தது. அப்புறம் பேச என்ன இருக்கிறது? நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் தாலுகா ஆபீசில் நின்று அவரே வாங்கி வந்தார்.

ஆனால் பாதாளச் சாக்கடை ஒப்பந்தக்காரர் பாக்கி கேட்டு நடுவர் முன் (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்த்துவைப்பவர்) போனால் கதை வேறு. 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி, தீர்ப்பு கைக்கு வந்த 3 மாதத்துக்குள் அதை எதிர்த்து மனுப் போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. சிவில் கோர்ட்டிலேயே பழகியவருக்குத் தாமத மன்னிப்பு மனு கைவந்த பழக்கம். இங்கே அந்தப் பழக்கமே ஊர்ப் பணத்தைக் கரைத்துவிடும். இன்னொன்று, 34இல் கோர்ட் சாட்சியங்களை மறுபடி எடைபோடாது. அதனால் நடுவர் தீர்ப்பு வந்தபின் இதில் பழகிய வெளியூர் வக்கீலைத் தேடுவது வீண். ஒப்பந்தக்காரரின் முதல் நோட்டீஸ் வந்த அன்றே அமர்த்த வேண்டும். ஃபீஸ் அதிகம்தான், நடுவரிடம் தோற்றால் கட்டும் வட்டியை நினைத்தால் தாங்கலாம்.

குப்பைக் கிடங்கு விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் சென்னையில் அதிலேயே பழகியவர்தான் சரி.

உயர் நீதிமன்றம் என்றால் ஊரைப் பொறுத்தது. தஞ்சாவூரும் கும்பகோணமும் மதுரைக் கிளைக்குப் போகும். கும்பகோணத்திலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மயிலாடுதுறையும், திருவாரூர், நாகையும் சென்னைக்கு. பக்கத்து ஊர் வக்கீல் கெட்டிக்காரர் என்று கேட்டு அமர்த்துமுன் இதைப் பாருங்கள்.

சம்பளத்துக்கு ஒரு சட்ட அலுவலரை வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். முழுநேரச் சம்பளக்காரர் பொதுவாக வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆனால் கெடு தேதிகளைக் கவனிக்க அப்படி ஒருவர் அவசியம் வேண்டும்.

யாரை அமர்த்தினாலும், வழக்குக் கட்டின் முழு நகல் நகராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று நகர்மன்றத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். வக்கீல் மாறினால் புதியவர் முதலில் கேட்பது அதைத்தான்.