டெல்ஃப்டா, ஜெர்மனியா, பாங்காக்கா? தண்ணீர்ப் பொறியியல் படிக்கப் போகும் பெண்களுக்கு

உலக வங்கி 2019-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று 28 நாடுகளில் உள்ள 64 குடிநீர், கழிவுநீர் நிறுவனங்களை ஆராய்ந்தது. அங்கே வேலை பார்ப்பவர்களில் 100-க்கு 18 பேர்தான் பெண்கள். இந்த நிலையை மாற்றுவதற்கு வெளிநாட்டு மேற்படிப்பு ஒரு நல்ல வழி. ஆனால் எங்கே படிப்பது என்று வரும்போது பல்கலைக்கழகத்தின் தரவரிசையைத்தான் முதலில் பார்க்கிறோம். எத்தனை மாதம் வீட்டை விட்டுப் போகணும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா, திரும்பி வந்தால் நமக்கு என்ன வேலை தருவார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கணும் என்பேன். பல பெண்களின் படிப்பு நின்றுபோவது இந்த இடங்களில்தான்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இருக்கும் ஐ.ஹெச்.இ. நிறுவனம் 1957-இல் தொடங்கியது. அதற்கு நான்கு வருடம் முன்புதான் கடல் பொங்கி அந்த நாட்டில் 1,800 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். தண்ணீரைத் தவிர வேறு எதையும் இங்கே கற்றுத் தருவதில்லை. இங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவிலிருந்து வரும் பணியில் உள்ள பொறியாளர்கள். அது எவ்வளவு பெரிய வசதி என்பது உள்ளூர்க் குழாயைப் பார்த்தால் புரியும். குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் நிரம்பி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டுதான் வழக்கமான பாடப்புத்தகக் கணக்குகள் தொடங்கும். நம் ஊர்களில் இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறோம். நடுவே குழாய் காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தில் விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுபடும். இதே சிக்கலோடு வந்திருக்கும் கம்பாலா, காத்மாண்டு பொறியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதற்கு ஈடாக எந்தத் தரவரிசையும் கிடையாது.

டெல்ஃப்டின் சானிடேஷன் (கழிவுநீர், கழிப்பறை ஏற்பாடுகள் பற்றிய) எம்.எஸ்சி. 12 மாதத்தில் முடிந்துவிடும். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிற அம்மாவுக்கு 12 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரியது. பணத்துக்கு, டெல்ஃப்டின் சில படிப்புகளுக்கு ரோட்டரி அறக்கட்டளையின் உதவித்தொகை உண்டு. அதற்கு உங்கள் பகுதி ரோட்டரி கிளப் வழியாகத்தான் போகணும். குறை என்னவென்றால், அந்தப் பணம் படிப்பவருக்கு மட்டும்தான். குடும்பத்தை உடன் அழைத்துப் போவது அவரவர் பாடு.

ஜெர்மனியில் இதற்கு நேர்மாறு. அந்த நாட்டின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி., வளரும் நாடுகளில் வேலை பார்ப்பவர்களுக்காக நடத்தும் ஈ.பி.ஓ.எஸ். திட்டத்தில் ஸ்டுட்கார்ட், கொலோன் போன்ற ஊர்களில் நீர்வள மேலாண்மை, நீர்ப் பொறியியல் படிக்கலாம். உதவித்தொகையோடு மருத்துவக் காப்பீடும் பயணச் செலவும் கிடைக்கும். தகுதி இருந்தால் உடன் வரும் கணவன், பிள்ளைகளுக்கும் தனிப்படி தருவார்கள். உதவித்தொகை இல்லாமல் போனால் கதை வேறு. விசாவுக்கே 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்டணும். ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணமும் வாங்குகிறார்கள்.

இவ்வளவு தாராளமான திட்டத்தில்தான் பெண்களைத் தடுக்கும் ஒரு விதியும் இருக்கிறது. குறைந்தது 2 வருடப் பணி அனுபவம் வேண்டும், அது நியாயம். கடைசியாக வாங்கிய பட்டம் பொதுவாக 6 வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பதுதான் இடிக்கிறது. 22 வயதில் பி.இ. முடிக்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் வேலை, 25-இல் கல்யாணம், அப்புறம் பிரசவம். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மறுபடி வேலைக்கு வந்து மூச்சு விடும்போது 29 ஆகிவிடும். அனுபவம் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, பட்டம் மட்டும் பழசாகிவிட்டது. அதே வகுப்பில் படித்த பையனுக்கு இந்தக் கணக்கு உதைப்பதில்லை. பிரசவ இடைவெளியைக் கழித்துக்கொண்டு ஆண்டுகளை எண்ணினால் போதும், இந்த அநியாயம் தீர்ந்துவிடும். அதுவரை, ஜெர்மனி போக நினைப்பவர்கள் 27 வயதுக்குள் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

பாங்காக்குக்கு வடக்கே, பதும்தானியில் இருக்கும் ஏ.ஐ.டி. (ஆசியத் தொழில்நுட்ப நிறுவனம்) 1959-இல் ஆரம்பித்தது. தூரம் குறைவு, செலவு குறைவு. வளாகத்திலேயே தங்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளேயே பள்ளியும் உண்டு. 2011 வெள்ளத்தில் இந்த வளாகமே வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சித் தரை தாழ்ந்துபோன நகரம் பாங்காக். சென்னையின் 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விடப் பொருத்தமான பாடம் ஐரோப்பாவில் கிடைக்காது. பாலினமும் வளர்ச்சியும் என்று தனித் துறையும் இங்கே இருப்பதால், பம்ப் கணக்கோடு யாருக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறது என்றும் சேர்த்துப் படிக்கலாம். உதவித்தொகைதான் பலவீனம். பலருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியே கழியும், மீதிக்கு நாமே வழி பார்க்கணும்.

நாலாவதாக ஒரு வழி இருந்தது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஹைதராபாத்தின் சாசிவாட்டர்ஸ் என்ற நீர் ஆய்வு அமைப்பு, நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தெற்காசியாவுக்குள்ளேயே ஒரு வலைப்பின்னலை உருவாக்கியது. சென்னை அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையம், இலங்கையின் பேராதனை, டாக்கா, நேபாளம் என நான்கு இடங்களில் முதுகலை மாணவர்களுக்கு உதவித்தொகை. பெண்களுக்கு முன்னுரிமை. வீட்டுக்கு ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் படித்துக்கொண்டே அயல்நாட்டு ஆசிரியர்களிடமும் கற்க முடிந்தது. அந்த மாதிரித் திட்டத்தின் சிக்கல், பணம் தருபவர்கள் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்பதுதான். ஆனாலும் ஒரு பெண்ணை டெல்ஃப்டுக்கு அனுப்பும் பணத்தில் இங்கேயே பலரைப் படிக்கவைக்கலாம். ஒரு அலுவலகத்தில் அப்படிப் படித்தவர்கள் நான்கு பேர் இருந்தால் அங்கே பேச்சே மாறும். அரசுகள் பணம் போட வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தனியாக முடிவெடுக்க வேண்டிய பெண்ணுக்கு நான் சொல்வது: பட்டம் புதுசா, கல்யாணம் ஆகவில்லையா, ஜெர்மனி. குடிநீர் வாரியத்தில் ஏ.இ.யாக (உதவிப் பொறியாளராக) பத்து வருடம் ஓடிவிட்டதா, டெல்ஃப்ட். சின்னக் குழந்தை, கொஞ்சம் சேமிப்பு, ஆராய்ச்சி ஆசை என்றால் ஏ.ஐ.டி. பிஎச்.டி. வேண்டும், ஆனால் ஊரை விட முடியாது என்பவர்களுக்கு வாகனிங்கனின் சாண்ட்விச் முறை இருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் சில மாதங்கள் அங்கே, நடுவில் உள்ள கள ஆய்வு சொந்த நாட்டில்.

எங்கே போனாலும் கிளம்பும் முன் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் வேலை உண்டு என்று மேலதிகாரி எழுதித் தருவதை டி.ஏ.ஏ.டி.யே விரும்பிக் கேட்கிறது. அதில் எந்தப் பணி என்பதையும் எழுதச் சொல்லுங்கள். லேபில் ஆறு பீக்கரில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் கலந்து, எதில் கலங்கல் சீக்கிரம் படிகிறது என்று பார்க்கும் ஜார் டெஸ்ட் முக்கியமான வேலைதான். ஆனால் எம்.எஸ்சி. முடித்து வந்த பெண்ணைத் திரும்பவும் அந்த மேசையிலேயே உட்காரவைப்பது நடக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் பொறுப்பு, பம்ப் ஹவுஸ் ஷிஃப்ட், ஒப்பந்ததாரரின் பில்லில் கையெழுத்துப் போடும் அதிகாரம், இவற்றில் எது தருவீர்கள் என்று விமானம் ஏறும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளணும்.