கற்றல் குறைபாடா, டிஸ்லெக்சியாவா: எந்தச் சொல்லைச் சொல்வது?

சோதனைகளெல்லாம் முடிந்து மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் சிரமம், என்று உறுதியானபோது அவன் மூன்றாம் வகுப்பு. அன்று சாயங்காலமே ஊரிலிருந்து அம்மாவின் போன். "என்னடி சொன்னாங்க?" என் வாயில் வந்தது, "கற்றல் குறைபாடும்மா." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்போ அவனுக்குப் படிப்பே வராதா?"

கற்றல் குறைபாடு என்ற சொல்லில் வசதிகள் உண்டு. தமிழ்ச்சொல், நாளிதழ்களில் பழகிய சொல். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயலாமை வகைகளை 7லிருந்து 21 ஆக்கியபோது பட்டியலில் சேர்த்ததும் இந்தப் பொதுப்பெயரைத்தான். டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம்), டிஸ்கால்குலியா (கணக்கில் சிரமம்) எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே சான்றிதழ், தேர்வுச் சலுகை என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், சட்டத்தின் சொல்லையே எழுதுங்கள்.

வீட்டிலும் தெருவிலும்தான் சிக்கல். வாங்கும்போது விலை குறைவு, பராமரிப்புச் செலவு அதிகம் என்று சில வண்டிகளைச் சொல்வோமே, இந்தச் சொல் அந்த ரகம். சொன்னவுடன் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. 'கற்றல்' என்றால் மொத்தப் படிப்பு, 'குறைபாடு' என்றால் மூளையில் ஏதோ குறை. டியூஷன் டீச்சர் சுலபமான கணக்காகப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். அவனுக்குக் கணக்கு நன்றாகவே வரும். ஒரு சித்தி கோயிலில் வேண்டிக்கொண்டார். ஒவ்வொருவரிடமும் "அப்படி இல்லை, வாசிப்பதில் மட்டும்தான்" என்று திருத்த வேண்டியிருந்தது. அடுத்த விசேஷத்தில் பார்த்தால் அதே ஆளிடம் மறுபடி முதலிலிருந்து. ஒரு வருடம் தாங்கினேன்.

டிஸ்லெக்சியாவுக்கு முதல் செலவுதான் அதிகம். "அப்படின்னா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், அதுதான் வேண்டியது. தெரியாத சொல் என்பதால் பதிலைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஒரு தடவை சொன்னால் பெரும்பாலும் நிற்கிறது. டிஸ் என்றால் சிரமம், லெக்சிஸ் என்றால் சொல், இரண்டும் கிரேக்கம். 1887ல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் நூல் எழுதிப் பரப்பிய பெயர். அவர் பார்த்தவர்கள் மூளை பாதிக்கப்பட்ட பெரியவர்கள். பிறவியிலேயே இப்படி இருந்த ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி 1896ல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அந்தப் பையனின் ஆசிரியர் சொன்னாராம். அம்மாவுக்கு நான் சொன்னதும் இந்தக் கதையைத்தான். "நம்ம பிள்ளை மாதிரியே இருக்கு" என்றார். அதற்குப் பிறகு 'படிப்பு வராது' என்ற பேச்சு அவரிடமிருந்து வரவில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு: ஆளையே 'டிஸ்லெக்சிக்' என்று சொல்வது. ஆங்கிலத்தில் வளர்ந்தவர்கள் பலர் தங்களைப் பெருமையாகவே அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், அது அவர்கள் உரிமை. தமிழில் வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள்: 'டிஸ்லெக்சிக்குக்கு'. விக்கல் மாதிரி இருக்கிறது. 'டிஸ்லெக்சியா உள்ளவருக்கு' நீளம்தான், ஆனால் ஆள் தனியாக, சிரமம் தனியாக நிற்கிறது. அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெரியவர்களுக்கு எது தோதுப்படும் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். நான் பார்த்ததெல்லாம் பள்ளிக்கூடம் வரைதான்.

மகனுக்கு இப்போது 12 வயது. புது டீச்சர் வந்தால் அவனே போய், "எனக்கு டிஸ்லெக்சியா மிஸ், கேள்வியை ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க" என்று கேட்டுக்கொள்கிறான். அந்தச் சொல்லை எழுதச் சொன்னால் மட்டும் ஒரு நாள் டிஸ்லெக்ஸியா, ஒரு நாள் டிஸ்லக்சியா. பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன என்பதால் நான் திருத்துவதில்லை.