குத்தகையா, கிரயமா, படையா? தஞ்சை மன்னரிடம் மூன்று கம்பெனிகள் இடம் வாங்கிய விதம்

நாகப்பட்டினத்திலிருந்து கடலோரமாக வடக்கே போனால் நாகூர், வாஞ்சூர், காரைக்கால், பூவம், அப்புறம் தரங்கம்பாடி. இன்னும் மேலே, கொள்ளிடம் கடலில் விழும் இடத்தில் தேவிக்கோட்டை. இந்தக் கரையில் கோட்டையும் கிடங்கும் கச்சேரியும் கட்ட டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று கூட்டத்தாருக்கும் இடம் தேவைப்பட்டது. இடம் தஞ்சை அரண்மனையுடையது. ஆனால் மூன்று பேரமும் மூன்று தினுசு. (ஒல்லாந்தரை, அதாவது டச்சுக்காரரை, இதில் சேர்க்கவில்லை. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்துவிட்டு அப்புறம்தான் தஞ்சையோடு பேசினார்கள்.)

முதலில் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரருக்கு இடம் விட்டது குத்தகையாக. ஆண்டுக்கு 3,111 ரூபாய். கோட்டை கட்டும் செலவு அவர்களுடையது, மண் நாயக்கருடையது. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கொடுத்ததும் வெறும் பொட்டல் இல்லை. 1306இல், குலசேகர பாண்டியன் காலத்தில், எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அங்கே ஏற்கெனவே நின்றது. டேனிஷ்காரர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை அதற்கு மூன்று நூற்றாண்டு இளையது.

இந்த ஏற்பாட்டின் பலம், பணம் வராதபோதுதான் தெரிந்தது. 1640 வாக்கில் டேனிஷ் கம்பெனி நொடித்துப்போனது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்த நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. கோட்டையில் மிஞ்சியது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், அவர்களுக்குத் தலைவர் கோங்ஸ்பாக்கே. குத்தகைப் பாக்கி ஏறியதும் நாயக்கர் படை வந்து முற்றுகையிட்டது. கோங்ஸ்பாக்கே ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, 1669இல் கப்பல் வரும்வரை தாக்குப்பிடித்தார். அந்த மனிதரின் நெஞ்சழுத்தத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் பேரத்தை எடைபோட்டால் நாயக்கர் பக்கம்தான் கனம் அதிகம். நிலம் தன் பெயரில் இருந்ததால்தான் பாக்கி கேட்டு வாசலுக்குப் போக முடிந்தது.

காரைக்கால் வேறு கதை, அது ரொக்கம். நாயக்கர் போய் மராட்டியர் ஆண்ட காலம். 1738இல் தஞ்சை அரியணையில் ஆட்டம் கண்டிருந்த மன்னர் சாகுஜிக்குப் பணமும் துணையும் அவசரம். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டுமாவுக்குக் காவிரிக் கரையில் ஓர் ஊர் வேண்டும். காரைக்கால் ஊர், கருக்களாச்சேரிக் கோட்டை, சில கிராமங்கள், எல்லாம் சேர்த்து விலை 40,000 சக்கரம் (அன்றைய தஞ்சை நாணயம்). வாக்குக் கொடுத்த சாகுஜி, நெருக்கடி விலகியதும் ஊரை விட மனமில்லாமல் இழுத்தடித்தார். கடைசியில் ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் ஆட்களை அனுப்பிப் பிடித்துக் கொடுக்க, 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்கொடி ஏறியது. அவசரத்துக்கு விற்பவனுக்கு நல்ல விலை எங்கே கிடைக்கும்? வாங்கியவர்களுக்கோ அது காலத்துக்கும் நின்ற கிரயம். நாகையிலிருந்து தரங்கம்பாடி போகும் பேருந்து இன்றைக்கும் வாஞ்சூரில் புதுச்சேரி மாநிலத்துக்குள் நுழைந்து பூவத்தில் வெளியேறுகிறது.

அதே சாகுஜி பட்டம் இழந்தபின் 1749இல் ஆங்கிலேயரிடம் போனார். மீண்டும் அரியணை ஏற்றினால் தேவிக்கோட்டை தருவதாகச் சொன்னார். ஆங்கிலேயருக்கு அந்த இடத்தின்மேல் கண். இந்தக் கரையில் கப்பல் ஒதுங்க நல்ல துறைமுகம் கிடையாது, கொள்ளிடத்து முகத்துவாரம் உதவும் என்று நம்பினார்கள். முதல் படையெடுப்பு தோற்றது, இரண்டாவதில் கோட்டை விழுந்தது. உடனே ஆளை மாற்றிக்கொண்டார்கள். ஆட்சியில் இருந்த பிரதாபசிங்கோடு உடன்பாடு செய்து தேவிக்கோட்டையையும் ஆண்டுக்கு 9,000 வராகன் வருமானமுள்ள நிலத்தையும் பெற்றார்கள். படைச்செலவும் தஞ்சையின் தலையில் விழுந்தது. சாகுஜிக்கு 4,000 ரூபாய் ஆண்டுப்படி. அவர் இனிமேல் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்வது ஆங்கிலேயர் பொறுப்பு. கூட்டிவந்தவருக்கே காவல்! மூன்றிலும் தஞ்சைக்குப் படுமோசமான பேரம் இதுதான்.

அப்படியானால் குத்தகைதான் சிறந்ததா? நில உரிமையாளர் கையில் படை இருந்தவரை, ஆம். 1799இல் சரபோஜி தஞ்சைக் கோட்டையைத் தவிர ஆட்சி நிர்வாகம் முழுவதையும் ஆங்கிலக் கம்பெனியிடம் விட்டார். அதன்பின் தரங்கம்பாடியில் பாக்கி கேட்டு முற்றுகை போட யார் இருந்தார்கள்? 1845இல் டேனிஷ்காரர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். குத்தகைக்கு வந்தவர்கள் கிரயம் செய்து கொடுத்துவிட்டுப் போன கூத்து இது.

வாங்கிய ஆங்கிலேயருக்குக் கட்டிய கட்டடங்களோடு ஓர் ஊரே கிடைத்தது. நாகையில் இருந்த மாவட்டத் தலைமையிடத்தை அதே ஆண்டு தரங்கம்பாடிக்கு மாற்றினார்கள். 15 ஆண்டுதான் அங்கே இருந்தது. என் கணக்கில் அந்த 12.5 லட்சத்தில் தரங்கம்பாடிப் பங்கு எதுவானாலும் அலுவலகத்துக்காகக் கொடுத்த விலையாக அது அதிகம். 1860இல் தலைமையிடம் தஞ்சாவூருக்கே வந்துவிட்டது. அங்கே இடத்துக்காகப் பேரம் பேச எதிரே மன்னர் இல்லை. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது. அரண்மனையின் சொந்தச் சொத்துக்காக ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். அரசின் செயலை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று அன்றைய மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் கைவிரித்தது. தனிச்சொத்து 1862இல் திரும்பக் கிடைத்தது. அதுவும் தீர்ப்பால் அல்ல, அரசு பார்த்துக் கொடுத்தது.