மாரியில் நானோவா, அல்டோவா? பின்ரயரில்தான் இருக்கிறது பதில்

ஓட்டோவைக் கொடுத்துவிட்டு நாலு சில்லுக்கு மாற நினைக்கும் திருகோணமலைக் குடும்பங்கள் அநேகமாக இரண்டு வாகனங்களுக்கு நடுவே நின்று யோசிக்கின்றன. ஒன்று பழைய டாட்டா நானோ, மற்றது சுசுகி அல்டோ 800. வெயில் காலத்தில் இது பெரிய கேள்வி இல்லை. ஐப்பசி கடைசியில் வாடை திரும்பி மாரி பிடிக்கும்போதுதான் கேள்வி வருகிறது. "நானோ பின்சில்லில ஓடுறது, மழைக்கு வாலைச் சுழட்டும்" என்று கராஜுகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாங்கள் எடுத்தது நானோ. மாரிக்கும் அதுவே நல்லது என்றுதான் இந்த அலசல் போகிறது, ஒரு நிபந்தனையோடு. எழுதியிருப்பது முழுவதும் கைக்கியர் நானோவைப் பற்றியது, ஒட்டோ கியர் நானோவுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

விலையும் எரிபொருள் கணக்கும் எல்லோருக்கும் தெரிந்தவை. திருப்பி விற்கப் போனால் அல்டோவுக்கே கிராக்கி. நானோவின் உற்பத்தி 2018இல் நின்றுவிட்டது. திருப்பி விற்பதில் அல்டோ முந்துகிறது, அதில் வாதமில்லை.

ரோட்டுப் பிடிப்புக்கு வருவோம். நானோவின் 624 சிசி இரண்டு சிலிண்டர் எஞ்சின் பின்சீற்றுக்குப் பின்னால் இருந்து பின்சில்லுகளை ஓட்டுகிறது. வண்டி ஏறத்தாழ 600 கிலோதான், ஆனால் அந்தப் பாரத்தில் பாதிக்கு மேல் ஓட்டுகிற சில்லுகளின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அல்டோவின் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் முன்னால் இருந்து முன்சில்லுகளை இழுக்கிறது. மட்டமான காப்பெற் ரோட்டில் இரண்டும் ஒன்றுதான். பிரெட்றிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, அல்லது உவர்மலை ஏற்றத்தில் நாலு பேரோடு நின்று மழைக்குள் எடுக்கும்போது வித்தியாசம் தெரியும். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும். அல்டோவின் முன்சில்லு இலகுவாகிச் சும்மா சுற்றும், நானோவின் பின்சில்லு இன்னும் அழுத்திப் பிடிக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணல் ஒழுங்கைகளிலும் இதே கதைதான். நானோ புதைந்தால் பின்ரயர்க் காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கி, இரண்டாம் கியரில் கிளச்சை மெதுவாக விட்டு எடுக்கலாம். காப்பெற்றில் ஏறியதும் பழைய அளவுக்குக் காற்று அடிக்க வேண்டும், அந்தக் காற்றோடு ஓடக் கூடாது.

அப்படியானால் "வாலைச் சுழட்டும்" என்ற பேச்சு பொய்யா? பொய் இல்லை. ஈரமான வளைவில் வேகம் கூடினால் அல்டோவின் மூக்கு வெளியே போகும். காலை எடுத்து, ஸ்டியரிங்கைச் சற்று நேராக்கினால் திரும்பப் பிடிக்கும். பயந்த மனிதர் தானாகவே செய்கிற காரியம் அது. நானோவில் அதே பயத்தில் அக்சிலேற்றரைச் சட்டென்று விட்டால் பாரம் முன்னால் ஓடுகிறது. எஞ்சினின் இழுவையும் பின்சில்லுகளை மட்டுமே பிடித்து இழுக்கிறது. பின்பக்கம் இலகுவாகும் அதே கணத்தில் அதன் மேல் பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடும், வால் வெளியே வரும். ஆனால் அது வருமா வராதா என்பதை முடிவு செய்வது பின்ரயரின் பூ, அதாவது அதன் மேலுள்ள பள்ள வெட்டுகள்தான். எந்தச் சில்லு ஓட்டுகிறது என்பது அதற்கு அடுத்தபடி.

பனி நாடுகளிலும் இதே பாடம்தான். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற ஆயிரம் கிலோ சொச்சத்துப் பின்சில்லு ஸ்போர்ட்ஸ் கார்களைக்கூட நாலு சில்லுக்கும் குளிர்கால ரயர் போட்டுப் பனியில் ஓட்டுகிறார்கள். கோடை ரயரோடு அதே கார் தட்டையான ரோட்டிலேயே நகராது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரப்பர் இறுகிவிடும், அந்த ரயரின் ரப்பர் மென்மையாகவே இருக்கும், அதுதான் காரணம். நமக்கு அந்த ரப்பர் உதவாது. ஜப்பான் வான்களில் ஏறிவந்து கைமாறும் 145/80 ஆர்12 பழைய ரயர் அல்டோவுக்குப் பொருந்தும் என்று வாங்குவோர், பக்கச்சுவரில் 'ஸ்டட்லெஸ்' என்ற எழுத்தோ பனிப்பூ அடையாளமோ இருந்தால் விட்டுவிடுங்கள். நம் வெக்கையில் அது பிசின்போல நெளியும், சீக்கிரம் தேயும்.

இப்போது அந்த நிபந்தனை: நல்ல ரயர், சரியான அளவில், பின்னால்தான் இருக்க வேண்டும். அல்டோவில் முன்சில்லுதான் ஓட்டுகிறது, திருப்புகிறது, பிரேக்கின் பெரும் பங்கையும் தாங்குகிறது. அதனால் முன்ரயர் முதலில் தேயும். காசுக்கு இரண்டு ரயர் மட்டும் மாற்றும்போது புதியது முன்னால் போகும், அரைத் தேய்வு பின்னால் நிற்கும். மழைக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. முன்பக்கம் நன்றாகப் பிடிக்கிறது என்று நம்பி வேகம் கூட்டுவீர்கள், பின்பக்கம் தண்ணீரில் மிதக்கும். முன்சில்லு வாகனமும் வாலைச் சுழட்டும் என்பது அப்போது தெரியவரும். புதிய ரயர் இரண்டு மட்டும் என்றால் அவை பின்னால் போக வேண்டும். ரயர்க் கம்பனிகளே எல்லா வாகனத்துக்கும் சொல்வது இதுதான்.

நானோவில் அந்தத் தவறு செய்யவே இடமில்லை. முன்னால் 135/70 ஆர்12, பின்னால் 155/65 ஆர்12. அளவு வேறு என்பதால் முன்பின் மாற்ற முடியாது. பாரமும் ஓட்டமும் பின்னால் என்பதால் பின்ரயர் முதலில் தேய்ந்து, அதையே முதலில் புதிதாக்க வேண்டி வரும். நல்ல ரயர் தானாகவே சரியான இடத்தில் நிற்கிறது. மாரி ரோட்டுக்கு நானோவைச் சிபாரிசு செய்ய இந்த ஒரு காரணமே எங்களுக்குப் போதும்.

கெடுப்பது நாங்கள்தான். 155/65 ஆர்12 எல்லாக் கடையிலும் கிடைக்காது. "145/70 போடுங்கோ, சுற்றளவு ஒன்றுதான்" என்பார்கள். உயரம் 506 மி.மீ.க்கு 508 மி.மீ., அது உண்மை. ஆனால் அகலம் 10 மி.மீ. குறைகிறது. பின்ரயரை அகலமாக வைத்ததே வால் வெளியே வராமல் இருக்கத்தான். நாலு சில்லுக்கும் 145/70 போட்டவர்கள் அந்தக் காவலைத் தாங்களே கழற்றிவிட்டார்கள். சரியான அளவைச் சொல்லி எடுப்பித்துக்கொள்ளுங்கள். வந்ததும் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரம் செய்தது. அதிகம் விலைபோகாத அளவு கடையில் வருடக்கணக்கில் கிடந்திருக்கலாம். மேற்பட்டை ஒட்டிய ரயரை நானோவின் பின்னால் போடவே வேண்டாம்.

சட்டம் சொல்லும் 1.6 மி.மீ. வரை காத்திருக்கக் கூடாது. 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றுங்கள். ஆழம் அளக்கும் கருவி இல்லையென்றால் தீக்குச்சியைப் பள்ளத்தில் படுக்க வையுங்கள். அதன் தடிப்பு ஏறத்தாழ 2 மி.மீ. குச்சி மேலே தெரிந்தால் அந்த ரயரோடு மாரி பார்க்க வேண்டாம். மாற்றுவதைப் புரட்டாதியிலேயே முடித்துவிடுங்கள். புது ரயரின் மேல் படிந்திருக்கும் அச்சுப் பூச்சு போக 150, 200 கிலோமீற்றர் காய்ந்த ரோட்டில் ஓட வேண்டும்.

காற்று அளவு கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும், நானோவில் பின்னுக்குக் கூட. ரயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, விமானச் சில்லுகளை வைத்து நாசா ஆய்வாளர்கள் கண்ட சூத்திரம் ஒன்று உண்டு. அதன்படி 30 பிஎஸ்ஐயில் அது மணிக்கு ஏறத்தாழ 91 கி.மீ., 20 பிஎஸ்ஐயில் 74 கி.மீ. காருக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும் திசை சரி. காற்றுக் குறைந்த பின்ரயர் முதலில் மிதக்கும்.

ஓட்டும் முறையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துக் கியரை இறக்குங்கள். வளைவுக்குள் அக்சிலேற்றரை ஒரே அளவில் பிடியுங்கள். வால் போகத் தொடங்கினால் பிரேக்கைத் தொடாமல் கிளச்சை மிதியுங்கள், எஞ்சின் இழுவை அறுபடும். வால் போகும் பக்கத்துக்கே ஸ்டியரிங்கைத் திருப்பி, பிடித்ததும் உடனே நேராக்குங்கள். பிந்தினால் மறுபக்கம் சுழற்றும். பிரேக் போடும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் நானோவில் கிடையாது. கோட்டைப் பக்கம் மான் குறுக்கே வந்தால் மிதித்து, விட்டு, மிதிக்க வேண்டும். நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் அரை மணித்தியாலம் எண்ணெயும் தூசியும் கலந்து ஆக மோசமாக வழுக்கும்.

அல்டோ உண்மையாகவே வெல்லும் இடங்களும் உண்டு. அதன் முன்பிரேக் டிஸ்க், வெள்ளத்தைக் கடந்ததும் காய்ந்துவிடும். நானோவின் நாலும் டிரம். உள்ளே போன தண்ணீர் நிற்கும். கடந்த பிறகு முதலாம் கியரில் இடது காலால் பிரேக்கை இலேசாக மிதித்தபடி நூறு மீற்றர் ஊர்ந்து காயவிடுங்கள். எந்த வாகனமானாலும் சில்லின் நடுவைத் தாண்டிய வெள்ளத்துக்குள் இறக்காதீர்கள், அது தரையிலிருந்து 25 செ.மீ. அளவுதான். இன்னொன்று வாடைக் காற்று. நானோ 1,652 மி.மீ. உயரம், முன்பக்கம் இலகு. கிண்ணியாப் பாலத்தின் 396 மீற்றரிலும் பக்கக்காற்று தள்ளும், 50க்கு மேல் போக வேண்டாம். முன் பொனற்றுக்குள் இருக்கும் ஸ்பெயார் சில்லை இடம் பிடிக்கிறது என்று வீட்டில் இறக்கிவைப்பவர்கள் மூக்கை இன்னும் இலகுவாக்குகிறார்கள்.

அந்த ஸ்பெயாரும் முன்சில்லு அளவுதான். பின்சில்லு பஞ்சரானால் ஒல்லியான 135ஐத்தான் பின்னால் மாட்ட வேண்டி வரும். ஒரு பக்கம் 155, மறுபக்கம் 135 என்று ஈரத்தில் ஓடுவது ஆபத்து, அடுத்த பஞ்சர்க் கடை வரை மெதுவாகப் போனால் போதும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் பஞ்சரானால் யானை கடக்கும் காட்டோரத்தில் இறங்கி நிற்காமல், வெளிச்சமுள்ள இடம் வரை ஊர்ந்து போய் மாற்றுங்கள், ரயர் போனாலும் பரவாயில்லை. நானோச் சில்லுக்கு மூன்றே நட். மாற்றிய பிறகு கந்தளாயில் ஒருதரம் நிறுத்தி மூன்றையும் முறுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.