கமக்கட்டுக் கணுக்கள்: ஒன்றிரண்டா, எல்லாமா?

திருகோணமலை உப்புவெளியில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மார்புப் புற்றுநோய். சின்னக் கட்டி. கமக்கட்டில் நெறி கட்டவில்லை, ஸ்கானிலும் ஒன்றும் இல்லை. சரி, கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களை, அதாவது மார்பிலிருந்து நோய் பரவக்கூடிய அந்தச் சின்ன முடிச்சுகளை, என்ன செய்வது?

முழுவதும் அகற்றினால் பரவல் எவ்வளவு என்று திட்டமாகத் தெரியும். ஆனால் சுமார் 5 பேரில் ஒருவருக்குப் பிற்பாடு கை வீங்குகிறது. தேங்காய் துருவுகிற, பிள்ளையைத் தூக்குகிற கை அது.

மற்றது முதற்கணுச் சோதனை. மார்பில் நீலச் சாயமோ கதிரியக்கத் திரவமோ ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் சில கணுக்களை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அவை சுத்தமென்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை. கைவீக்கம் சுமார் 20 பேரில் ஒருவருக்குத்தான். ஒன்றிரண்டில் நோய் இருந்தாலும், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்சிகிச்சை பெற்றவர்களுக்கு முழு அகற்றல் ஆயுளைக் கூட்டவில்லை என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வின் 10 ஆண்டு முடிவுகள் காட்டின.

அக்காவை இதைப் பற்றித்தான் டொக்டரிடம் கேட்கச் சொன்னேன். ஊசிச் சோதனையில் கணுவில் நோய் ஏற்கெனவே உறுதியானவர்களுக்குக் கதை வேறு.